பிரையான் நோயைக் கண்டறிய: 14-3-3, டாவ், என்.எஃப்.எல், ஆர்டி-குவிக் – எதை நம்பலாம்?

போன மாதம் வரை வீட்டுக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டவர், இன்று சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்கிறார். நடை தள்ளாடுகிறது, கை திடீர் திடீரென்று துள்ளுகிறது. ஆண்டுக் கணக்கில் மெல்ல நகரும் மறதி நோய்போல் இல்லாமல், வாரக் கணக்கில் ஆள் சரிந்துபோகிறார். இப்படி ஒருவர் வரும்போது நரம்பியல் மருத்துவரின் மனதில் எழும் பெயர்களில் ஒன்று க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய், சுருக்கமாக சி.ஜே.டி. பிரையான் எனும் கெட்டுப்போன புரதத்தால் வரும் மூளை நோய்களில் ஒன்று இது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் நோய். வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் ஓராண்டைத் தாண்டுவதில்லை, பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள்.

குணமாக்க மருந்தே இல்லை, பிறகு எதற்குப் பரிசோதனை என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்கமாட்டேன். இதே அறிகுறிகளோடு வரும் வேறு நோய்கள் இருக்கின்றன. உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூளையையே தாக்கும் தன்னெதிர்ப்பு மூளையழற்சி அவற்றில் முக்கியமானது. சரியான நேரத்தில் ஸ்டீராய்டும் மற்ற சிகிச்சைகளும் கிடைத்தால் அந்த நோயாளி எழுந்து நடப்பார். அவருக்கு சி.ஜே.டி. என்று தவறாக முத்திரை குத்தினால், பிழைக்க வேண்டிய ஓர் உயிரைக் கைவிடுகிறோம். ஆகவே ஒரு பரிசோதனை எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதைவிட, எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

14-3-3 புரதத்திலிருந்து தொடங்குவோம். இது நோய்க்குரிய புரதம் அல்ல, எல்லோருடைய நரம்புசெல்களிலும் நிறைய இருப்பது. செல்கள் வேகமாக உடையும்போது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரில் கொட்டுகிறது. முதுகில் ஊசி போட்டுத்தான் அந்த நீரை எடுக்க வேண்டும். 1996-இல் சி.ஜே.டி. நோயாளிகளின் தண்டுவட நீரில் இதைக் காட்டியபோது, உயிரோடு இருக்கும்போதே நோயைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று மருத்துவ உலகம் மகிழ்ந்தது. அதற்கு முன் உறுதியாகச் சொல்ல மூளைத் திசுவைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மூளையில் ஹெர்பிஸ் தொற்று வந்தாலும் செல்கள் உடையும். பக்கவாதம் வந்தாலும், வலிப்பு விடாமல் அடித்தாலும் அப்படித்தான். நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி, எந்த நெருப்பு என்று 14-3-3 சொல்லாது. பழைய முறையில் சோதனைப் படலத்தில் இந்தப் புரதம் காட்டும் பட்டையின் கருமையைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருந்ததும் ஒரு பலவீனம்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த மதிப்பீடு, நோயுள்ளவர்களில் 92 சதவீதம் பேரை இது பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 80 சதவீதம் பேரைத்தான் சரியாக விலக்குகிறது என்றது. 80 நல்ல மதிப்பெண்போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தேகத்தோடு வரும் 100 பேரில் 20 பேருக்குத்தான் உண்மையில் சி.ஜே.டி. என்று வைத்துக்கொள்வோம். 14-3-3 அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 80 பேரில் 16 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அதாவது 'பாசிட்டிவ்' என்று தாள் வாங்கிய 34 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த நோயே இல்லை!

டாவும் நரம்புசெல்களில் இருக்கும் புரதம்தான், 14-3-3-ஐவிடக் கொஞ்சம் மேல். எண்ணாக வருவதால் கண்ணளவுச் சிக்கல் இல்லை. மில்லிலிட்டருக்கு 1,200 பிகோகிராம் வாக்கில் பல ஆய்வகங்கள் கோடு போடுகின்றன. சி.ஜே.டி.யில் அது பல ஆயிரங்களுக்கு ஏறுவது சாதாரணம். இதில் எனக்குப் பிடித்தது மொத்த டாவுக்கும் பாஸ்பேட் ஏறிய டாவுக்கும் உள்ள விகிதம். அல்சைமரில் இரண்டும் சேர்ந்து உயரும். சி.ஜே.டி.யில் மொத்த டாவ் மட்டும் தாறுமாறாக எகிறும், மற்றது பெரிதாக அசையாது. வேகமாக முற்றும் அல்சைமரைப் பிரித்துக் காட்ட இது கைகொடுக்கும். ஆனாலும் இதுவும் புகைதான்.

என்.எஃப்.எல். எனப்படும் நியூரோஃபிலமென்ட் லைட் நரம்பிழைகளின் எலும்புக்கூட்டுப் புரதம். ரத்தத்திலேயே அளக்கலாம், முதுகில் ஊசி வேண்டாம். மறுபடி மறுபடி அளந்து நோயின் போக்கைத் தொடரலாம் என்பதால் மருந்து ஆய்வுகளுக்கு அருமையான கருவி. சி.ஜே.டி.யா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் இதைக் கூப்பிடாதீர்கள். எத்தனையோ நரம்பு நோய்களில் இது உயர்கிறது.

அப்புறம் ஆர்டி-குவிக். இதன் வழியே வேறு. பிரையான் என்பது தவறாக மடிந்த ஒரு புரதம். தன்னைத் தொடும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடிய வைப்பது அதன் இயல்பு. அந்தக் கெட்ட குணத்தையே இந்தப் பரிசோதனை பயன்படுத்திக்கொள்கிறது. ஆய்வகத்தில் தயாரித்த நல்ல புரதத்தோடு நோயாளியின் தண்டுவட நீரில் சில துளிகளைக் கலந்து, சூடாக வைத்து, விட்டு விட்டுக் குலுக்குகிறார்கள். பிரையான் விதை இருந்தால் புரதங்கள் வரிசையாக மடிந்து இழைகளாகச் சேரும். கலவையில் உள்ள தயோஃபிளாவின் டி என்ற சாயம் அந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். திரையில் கோடு தட்டையாகக் கிடந்து, சட்டென்று மேலே ஏறும். இது நெருப்பையே நேரில் பார்ப்பது.

முதலில் வந்த முறைக்கு மூன்று நான்கு நாள் பிடித்தது. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை, புரதத்தைச் சுருக்கி, வெப்பத்தை 55 டிகிரிக்கு ஏற்றி, வேலையை ஒரு நாளுக்குள் கொண்டுவந்தது. தானாக வரும் சி.ஜே.டி.யில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கிறது. நோயில்லாதவரைத் தவறாகச் சொல்வது மிக அபூர்வம். மேலே போட்ட கணக்கில் அந்த 16 பேர் ஒருவராகக் குறைவார்கள், அல்லது ஒருவருமே இருக்கமாட்டார்கள். மூக்கின் மேல்பகுதியிலிருந்து மென்தூரிகையால் எடுத்த செல்களில் இதைச் செய்தபோது, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 31 நோயாளிகளில் 30 பேர் பிடிபட்டார்கள், நோயில்லாத ஒருவரும் சிக்கவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தண்டுவட நீரில் ரத்தம் கலந்தால் வினை தடைப்பட்டு, நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். தூக்கத்தைப் பறிக்கும் பரம்பரைப் பிரையான் நோயிலும், ஆண்டுக் கணக்கில் இழுக்கும் ஜெர்ஸ்ட்மன் எனும் இன்னொரு பரம்பரை வகையிலும் இதன் பிடி தளர்கிறது. மாட்டிறைச்சி வழியாக மனிதருக்கு வந்த மாறுபட்ட சி.ஜே.டி.யிலும் தண்டுவட நீரை வைத்து இதை நம்ப முடியாது. அங்கே கைகொடுப்பது 2001-இல் பிறந்த பி.எம்.சி.ஏ. முறை. ஒலி அலையால் இழைகளை உடைத்து விதைகளைப் பெருக்குவது அது. 2014-இல் சிறுநீரிலும் 2016-இல் ரத்தத்திலும் அந்த வகையைப் பிடித்துக் காட்டியது. ஆனால் அதில் பெருகுவது உண்மையிலேயே தொற்றக்கூடிய பிரையான் என்பதால், எல்லா ஆய்வகமும் தொடக்கூடிய வேலை அல்ல.

பரம்பரை வகை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம். அதற்குப் பிரையான் புரதத்தை உருவாக்கும் பி.ஆர்.என்.பி. மரபணுவைப் படித்தால் போதும், ரத்தமே போதுமானது. ஒருவரின் முடிவு அவர் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதப்படும் என்பதால் ஆலோசனை இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

என் தேர்வு ஆர்டி-குவிக். மொத்த டாவைத் துணைக்கு வைத்துக்கொள்வேன், எம்.ஆர்.ஐ. படத்தோடு சேர்த்துப் படிப்பேன். 14-3-3 மட்டும் 'பாசிட்டிவ்' என்று வந்ததை வைத்து ஒரு குடும்பத்திடம் கெட்ட செய்தி சொல்ல எனக்கு மனம் வராது. ஆர்டி-குவிக் 'இல்லை' என்றாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் மரபணுவைப் பார்க்க வேண்டும், ஊசியைத் திரும்பப் போட வேண்டும். எது முதலில் வந்தாலும், தன்னெதிர்ப்பு மூளையழற்சிக்கான ஆன்டிபாடி பரிசோதனையை அதே ஊசியில் எடுத்த நீரில் அதே நாளில் அனுப்பிவிடுங்கள். முதல் குழாயில் சிவப்பு தெரிந்தால் அதை மற்ற வேலைகளுக்கு விட்டுவிட்டு, கடைசியில் தெளிவாக இறங்கும் நீரை ஆர்டி-குவிக்குக்கு ஒதுக்கி வையுங்கள்.