புதியது என்று விற்கப்பட்ட சேர்வர் டிஸ்க்: 73,500 ரூபாயும் ஐந்து வார வேலையும் போயின

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறிய அச்சமைப்பு அலுவலகத்தின் சேர்வர் நின்று இன்றுடன் நான்கு நாட்களாகின்றன. பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கைப் பாதுகாப்பாக மாற்றும் முறையை விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் அதற்குள் போக மனம் வரவில்லை.

எங்களுடையது தரவை நான்கு டிஸ்க்குகளில் பகிர்ந்து வைக்கும் ரெய்ட் 5 அமைப்பு. ஒன்று போனால் மற்ற மூன்றிலிருந்து தரவை மீளக் கட்டலாம். இரண்டாவதும் போனால் எல்லாம் போய்விடும். மென்பொருள் ‘டிஸ்க் 2’ என்று காட்டியதில் வாசிக்க முடியாத செக்டர்கள் (தரவு பதியும் சிறு பகுதிகள்) நாளுக்கு நாள் கூடியதால், பம்பலப்பிட்டியில் கணினி உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

விலை குறைந்த ஒரு டிஸ்க்கை நான் கையில் எடுத்தபோது, அது தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை என்றும், ரெய்டை மீளக் கட்டும்போது நாட்கணக்கில் இழுக்கும் என்றும் சொல்லி, அங்கிருந்த ரெக்னீஷியனே என்னைத் தடுத்தார். அவர் சொன்னது சரிதான். அந்த ஓர் உண்மைக்காகவே அதன் பிறகு அவர் சொன்ன அனைத்தையும் நம்பினேன். “இது சேர்வருக்கெண்டே வந்த புதுச் சாமான், அண்ணை. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நானே வந்து போட்டுத் தாறன்” என்றார். டிஸ்க் 61,500, பொருத்தும் கூலி 12,000; மொத்தம் 73,500 ரூபாயைக் காசாகவே எண்ணிக் கொடுத்தேன்.

மென்பொருள் 0 இலிருந்து எண்ணுகிறது; அதன் ‘டிஸ்க் 2’ உண்மையில் மூன்றாவது டிஸ்க். பொருத்த வந்த ரெக்னீஷியன் 1 இலிருந்து எண்ணினார். தொடரிலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள் என்று நான் கேட்டதற்கு, இப்படி நூறு சேர்வர் பார்த்தவன் என்று பதில் சொல்லிக்கொண்டே நல்ல டிஸ்க்கை உருவிவிட்டார். மீளக் கட்டும் வேலை, பழுதான டிஸ்க்கையும் முழுமையாக வாசிக்க வேண்டிய நிலையில் தொடங்கி, 41 வீதத்தில் அந்த டிஸ்க் அடங்கியதும் நின்றது. அப்போதாவது கையை எடுத்திருந்தால் உருவிய டிஸ்க்கைக் கொண்டு ஏதாவது மீட்டிருக்கலாம். அவரோ என்னைக் கேட்காமலே அமைப்பைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தார்; அதோடு அந்த வழியும் போனது.

அன்றிரவு புதிய டிஸ்க்கைச் சோதித்தேன். டிஸ்க் தன் ஓட்டத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில் அது ஓடியது 4 மணித்தியாலம்; அதே டிஸ்க்கில் உற்பத்தியாளர் தனியாக வைக்கும் பார்ம் (FARM) பதிவில் 27,000 மணித்தியாலத்துக்கு மேல், அதாவது மூன்று வருடத்துக்கும் கூடுதலான ஓட்டம். ஐரோப்பாவில் பழைய சேர்வர் டிஸ்க்குகள் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் வெளியானபோதும், இந்தப் பதிவுதான் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் தொலைபேசியில் ரெக்னீஷியன், “பழைய சேர்வர் எண்டால் அப்பிடித்தான் அண்ணை” என்றார். நேரில் போனபோது அவர் லீவு என்றார்கள். அடுத்த நாள் முதலாளி, சீல் உடைத்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். சீலை உடைத்தது அவருடைய ஆள். 73,500 ரூபாய் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்ல, அடுத்த முறை வாங்கும்போது 5,000 குறைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். பார்ம் பதிவின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன்; பார்த்திருக்கிறார்கள், பதில் இல்லை.

எங்களிடமிருந்த காப்புப் பிரதி ஐந்து வாரம் பழையது. அந்த இடைவெளியில், ஒரு தாயாரின் 31ஆம் நாள் நினைவு மலருக்காகப் பிள்ளைகள் மூன்று நாடுகளிலிருந்து அனுப்பிய படங்களும் நாங்கள் திருத்தி முடித்த பக்கங்களும் இருந்தன. இந்தச் செய்தியை அந்த வீட்டுக்கு நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 73,500 ரூபாயைவிட அதுவே என்னைக் கொதிக்க வைக்கிறது.

விரிவாக எழுதும் நிதானம் இப்போது இல்லை. அவசரமாக இவ்வளவையும் சொல்கிறேன். எதையும் தொடுமுன் வேறொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து, அதைத் திறந்து பாருங்கள். கழற்றுவதைத் தொடரிலக்கத்தால் மட்டும் அடையாளம் காணுங்கள். புதிய டிஸ்க்கை முதலில் தனியாகச் சோதியுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்; முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் நேற்றுக் கொடுத்தேன். பில்லில் தொடரிலக்கத்தை எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். என்னுடைய 73,500 ரூபாய் பில்லில் ‘ஹார்ட் டிஸ்க் 1’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது.