ரெண்டு வாய் ஏர் பம்ப், எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கொளத்தூரில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். 5 வாட், காற்று வருவதற்கு ரெண்டு வாய். ஒன்று ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்கு, இன்னொன்று பக்கத்துப் பால்கனியில் மண் இல்லாமல் தண்ணீரிலேயே புதினா வளர்க்கும் பக்கெட்டுக்கு.

வாங்க வைத்தது மீன்தான். மே மாதம், விடியற்காலை எழுந்து பார்த்தால் கோல்டு ஃபிஷ் நாலும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், நானும் பசி என்று நினைத்து இரையை அள்ளிப் போட்டேன். படு முட்டாள்தனம். 30 டிகிரி சூட்டில் லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலே அதிகம், இரவில் மீன் தொட்டிக்குள் இருக்கும் செடிகளும் அதைத்தான் இழுக்கும், தின்னாமல் விட்ட இரை அழுகும்போது அதுவும் பங்குக்கு வரும். பம்ப் போட்ட மறுநாளே நாலும் கீழே இறங்கிவிட்டன. குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம்தான், அது மேலே வந்து தண்ணீர்ப் பரப்பைக் கலக்கிவிடுவதுதான் முக்கிய வேலை, அதனால் குமிழியைப் பொடியாக்க டியூப் நுனியில் மாட்டும் கல், அதான் ஏர் ஸ்டோன், அதில் விலை கூடினது எல்லாம் வேண்டாம்.

புதினா முதல் தடவை பம்ப் இல்லாமல் வேர் பழுப்பாகி நாறிப்போனது, இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மண் தொட்டியில் வைக்கும் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றியே சாகடிக்கிறோமே, அதுவும் இதே கதைதான், மண் இடுக்கில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேர் எப்படி மூச்சு விடும்? அங்கே பம்ப் உதவாது, மேல்மண்ணைக் கொத்திவிட்டு அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, குறைகள். சத்தம், இரவில் வண்டு மாதிரி ரீங்காரம். பழைய துண்டை மடித்து அடியில் வைத்ததும் பாதி குறைந்தது. அப்புறம், பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தேன், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து தரையெல்லாம் ஈரம், நல்லவேளை ஷாக் அடிக்கவில்லை. இதற்கென்றே 20 ரூபாய்க்கு ஒரு வால்வு இருக்கிறது, கடைக்காரர் விற்கும்போது வாயே திறக்கவில்லை. ஏழாம் மாதம் காற்று குறைந்தது, கழற்றினால் உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. அதே கடையில் அந்த ரப்பர் தனியாகக் கிடையாதாம், புது பம்ப் வாங்கச் சொன்னார்கள். நாலு கடை ஏறி இறங்கி வாங்கிப் போட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. வாங்கும்போதே ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது, போன வாரம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாதபோது தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.