அப்பாவை சேர்த்த 23 நாளில் போனது 4,21,400 ரூபாய் - பெரியவர்களுக்கு இல்லம் தேடுபவர்கள் படித்துவிடுங்கள்

அப்பாவைச் சேர்த்திருந்த இல்லத்தின் கணக்குப் பிரிவிலிருந்து நேற்று மதியம் ஒருவர் போன் செய்தார். "ரீஃபண்ட் எதுவும் வராதுங்க மேடம், அக்ரிமெண்ட்ட படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நான் பேச ஆரம்பிக்கும் முன்பே வைத்துவிட்டார். 4,21,400 ரூபாய். அதில் பாதி அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்ட் பணம், பஞ்சு மில்லில் 34 வருடம் நின்று உழைத்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை. வயிற்றெரிச்சல் ஆறும்முன் எழுதிவிடுகிறேன், கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 79 வயது. அம்மா போய் நான்கு வருடமாக கோவை சிங்காநல்லூர் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். திடீரென்று பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியில் 11 நாள். டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர், "தினமும் பிசியோதெரபி வேணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், ஆள் கூடவே இருக்கணும்" என்றார். தம்பி மஸ்கட்டில். நான் சென்னையில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஊரில் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்துதான் இல்லம் தேடினேன். இந்த நிலையில் இருக்கும் யாரையும் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள், அந்தக் குற்ற உணர்ச்சியை வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு, முதியோர் பராமரிப்பு இடங்களைத் தேடித்தரும் ஒரு இணையதளத்தில் நம்பரைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். அவ்வளவு இதமாகப் பேசினாள். "எங்க சேவை முழுக்க இலவசம் மேடம், அப்பாவுக்கு எது பொருத்தமோ அதைத்தான் சொல்லுவோம்." மூன்று இடம் சொன்னாள், மூன்றில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நம்மிடம் வாங்காத காசை அந்த இல்லத்திடம் வாங்குகிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஆள் சேர்ந்தால் இவ்வளவு என்று கமிஷன். இலவசம் என்றால் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கோவைக்கு வெளியே, மலை தெரிகிற இடம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அருமையாக இருந்தது. அப்பாவையும் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கேர் மேனேஜர் என்று ஒருவர் வந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். என்னிடம் பேசவே இல்லை, நேரே அப்பாவின் வீல்சேருக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, "எந்த மில்லுங்கய்யா? ஸ்பின்னிங்கா, கார்டிங்கா?" என்று கேட்டார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து யாரும் அவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை, எல்லாரும் என்னிடம்தான் "அவர் சாப்பிட்டாரா, அவர் தூங்கினாரா". அப்பா திக்கித் திக்கி "ஸ்...பின்னிங்" என்றார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த ஆள் தன் தாத்தாவும் மில்தான் என்றார். காபி வந்ததும் டபராவில் ஆற்றி, அப்பாவின் இடது கையில் டம்ளரைக் கொடுத்து, அடியில் தன் கையையும் வைத்துத் தாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "அக்கா, நீங்க நிம்மதியா சென்னை போங்க, இவரு இனி எங்க அப்பா" என்றார். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு நான் எதையும் படிக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் காபி டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

அக்ரிமெண்ட் 30 பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். "எல்லாம் ஸ்டாண்டர்ட்தாங்க்கா, கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஐயாவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், அவரு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு" என்றார்கள். அப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறார், நான் எப்படி உட்கார்ந்து 30 பக்கம் படிப்பது? ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்குக் கட்டியது: டெபாசிட் 3,00,000, பதிவுக் கட்டணம் 45,000, முதல் மாதம் 52,000. டெபாசிட் முழுவதும் திரும்ப வரும் என்று வாயால் சொன்னார்கள், கையில் கொடுத்த வழவழ காகிதத்திலும் அச்சடித்திருக்கிறது. ஆனால் அந்த 3 லட்சத்தை இரண்டு அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னார்கள், 1 லட்சம் கம்பெனிக்கு, 2 லட்சம் ஒரு டிரஸ்டுக்கு. "ஆடிட்டர் சொன்னபடிங்க்கா, ரெண்டும் நாங்கதான்." அனுப்பினேன். ரசீது ஒரு வாரம் கழித்து மெயிலில் வந்தது. டிரஸ்ட் ரசீதில் என்ன போட்டிருந்தது தெரியுமா? "நன்கொடை." நான் விரும்பிக் கொடுத்த நன்கொடையாம், திரும்பக் கேட்க முடியாதாம். அதை நான் திறந்து பார்த்ததே அப்பாவைக் கூட்டிவந்த பிறகுதான்.

4ஆம் தேதி சேர்த்தேன். முதல் வாரம் தினமும் வீடியோ கால். அப்பாவுக்குச் சவரம் செய்து, நெற்றியில் விபூதி வைத்து, துவைத்த சட்டை போட்டுக் காட்டுவார்கள். இரண்டாவது வாரம் "ஐயா தூங்கறாரு", "ஐயா தெரபில இருக்காரு". அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பில். அப்பாவின் நிலையை மறுபடி மதிப்பீடு செய்தார்களாம், பராமரிப்புத் தேவையில் அவர் இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போய்விட்டாராம், அதனால் இரவு ஸ்பெஷல் கேர் 9,200. டயப்பர், கையுறை 6,800. பிசியோதெரபி 12 முறை, முறைக்கு 700 வீதம் 8,400. ஆக 24,400. சேர்க்கும்போது எல்லாம் 52,000க்குள் அடக்கம் என்று சொன்ன அதே மேனேஜரிடம் கேட்டேன். "பேஸிக் கேர் மட்டும்தாங்க்கா அதுல." கட்டினேன். கட்டாவிட்டால் அப்பாவை ஒழுங்காகப் பார்க்க மாட்டார்களோ என்ற பயம். பெற்றவரை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுச் சண்டை போட முடியாது, இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

26ஆம் தேதி ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பிப் போய், 27ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அங்கே நின்றேன். வாசலில் "பார்வை நேரம் பத்து மணிக்கு" என்று தடுத்தார்கள், தள்ளிக்கொண்டு போனேன். அறை முழுக்க மூத்திர வாடை. அப்பா மல்லாக்கப் படுத்திருந்தார். அழைப்பு மணியின் பொத்தான் கட்டிலின் வலது பக்கக் கம்பியில் கட்டியிருந்தது. வலது கை வராத மனிதருக்கு வலது பக்கம் மணி! 23 நாள். 23 ராத்திரி அவர் அதை எட்டப் பார்த்திருப்பார். என்னைப் பார்த்ததும், "அம்மணி, வூட்டுக்கு" என்றார். அந்த இரண்டு வார்த்தை மட்டும் குழறவே இல்லை.

திருப்பிப் படுக்க வைத்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், நடுவில் தோல் உரிந்து ஈரமாக. போன வாரம் மூன்றாம் நிலை என்று மதிப்பீடு செய்தவர்கள் கண்ணில் இது மட்டும் படவில்லை. பக்கத்து அறை அம்மா மெல்லக் கூப்பிட்டுச் சொன்னார், "ராத்திரி எங்க பதினாறு பேருக்கும் ஒரே ஒரு புள்ளதாம்மா, அதுவும் என்ன பண்ணும்?" அந்தப் பெண் ஒடிசாக்காரி, இருபது வயதுகூட இருக்காது, தமிழ் தெரியாது, பகலும் ராத்திரியும் அவளேதான். அப்பா கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் வைத்து நேரே ஆஸ்பத்திரி. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நான்கு நாள் கழித்து சென்னை. மூன்றாவது மாடிக்கு நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்புதான் பெரிய கொடுமை. மேனேஜர் போனை எடுக்கவே இல்லை. "இவரு இனி எங்க அப்பா" என்றவர், அப்பா எப்படி இருக்கிறார் என்று இன்றுவரை ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. அட்மின் பெண், "சார் மீட்டிங்ல இருக்காரு." கணக்குப் பிரிவு, "மெயில் போடுங்க." மெயிலுக்கு 9 நாள் கழித்துப் பதில்: ஆறு மாதம் லாக்-இன், அதற்குள் வெளியேறினால் டெபாசிட் கிடையாது, இரண்டு மாத நோட்டீஸ் வேறு தரவில்லை. 1 லட்சம் அதில் போச்சு, 2 லட்சம் நன்கொடையில் போச்சு. படுக்கைப் புண் போட்டோவை அனுப்பினேன், "வயசானவங்களுக்கு சகஜம்" என்றார்கள். பிசியோதெரபி 12 முறைக்கு நாள்வாரியாகக் கணக்குக் கேட்டதில் 27ஆம் தேதி மாலை ஒரு முறை எழுதியிருக்கிறது. 27ஆம் தேதி மாலை என் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில், பில் வந்ததோ அதற்கும் முன்பே! அப்பாவோ அந்த பிசியோதெரபிப் பையன் மொத்தம் நான்கு தடவைதான் வந்தான் என்று விரலை மடக்கிக் காட்டுகிறார்.

சமூக நலத்துறையில் முதியோர் இல்லமாகப் பதிவு செய்த எண்ணைக் கேட்டால், "நாங்க முதியோர் இல்லம் இல்லைங்க, அசிஸ்டட் லிவிங்." அந்த இணையதளப் பெண்ணைக் கூப்பிட்டேன். இதமெல்லாம் போய்விட்டது. "நாங்க தகவல் மட்டும்தான் மேடம் கொடுப்போம், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க வர முடியாது." அங்கிருந்து உங்களுக்குப் பணம் வருகிறதா என்றேன். லைன் கட்.

என்னென்ன பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது தலை ஓடவில்லை. ஞாபகம் வருவதைச் சொல்கிறேன். அக்ரிமெண்டை வீட்டுக்கு வாங்கி வந்து இரண்டு நாள் வைத்துப் படியுங்கள், தர மாட்டோம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இரண்டாவது அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், டெபாசிட் என்றால் ரசீதில் டெபாசிட் என்றே இருக்க வேண்டும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள், கேட்டால் மட்டும் போதாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முதலில் ஒரு மாதம் டெபாசிட் இல்லாமல் தங்க வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மெடிக்ளெய்ம் இருக்கிறது என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அது வரும், இல்லத்து மாதக் கட்டணத்துக்கு வராது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். போனதும் மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் விடப்போவதில்லை. முதியோர் உதவி எண் 14567லும், நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லிவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடப்போகிறேன், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 4,21,400 ரூபாய், ஒரு ரூபாய் விடாமல் கேட்பேன். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், குறிப்பாக அந்த டிரஸ்ட் நன்கொடை விஷயத்தில், எனக்குத் தனியாக எழுதுங்கள்.

மணி இரண்டாகப் போகிறது, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.