பழைய வேகன்ஆர் ஹெட்லைட்: எல்இடியைக் கழற்றிவிட்டு ரிலே கிட் போட்டதில் கிடைத்த வெளிச்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் வெளிச்சம் பத்தவில்லை என்று பல்பு தேடுகிறவர்கள், பல்புக்குப் போகும் ஒயரையும் அதன் முன்னால் இருக்கும் கண்ணாடியையும் பார்க்காமல் பர்ஸைத் திறக்க வேண்டாம். என் 2012 மாடல் வேகன்ஆரில் பெரிய வித்தியாசம் காட்டியது, பேட்டரியில் இருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் கொண்டுவரும் ரிலே ஒயரிங் கிட்டும் கண்ணாடி பாலிஷும்தான். விலை கூடிய பல்புக்கு மூன்றாவது இடம் கொடுப்பேன், அதுவும் யோசித்து.

வண்டியை செகண்ட் ஹாண்டில் வாங்கும்போதே ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பு இருந்தது. விற்றவர் அதை ஒரு வசதியாகச் சொல்லித்தான் விற்றார், "லைட்டப் போட்டுப் பாருங்க சார், பட்டப்பகலா இருக்கும்" என்று. டவுனுக்குள் அப்படித்தான் தெரிந்தது. திண்டுக்கல்லில் இருந்து வத்தலகுண்டு, தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் போகிற ரோட்டில் ராத்திரி ஓட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பம்பருக்கு முன்னால் கொஞ்ச தூரம் வெள்ளை வெளேர் என்று கொட்டிக் கிடக்கிறது, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருப்பதால் கண் அதற்கே பழகிவிடுகிறது, தூரத்து இருட்டு இன்னும் கறுப்பாகிறது. பின்னால் சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாத டிராக்டர் டிரெய்லர், பெயிண்ட் போன வேகத்தடை, ரோட்டோரம் படுத்திருக்கும் மாடு, இதெல்லாம் சாதாரணமாக இருக்கிற ரோட்டில் இந்த வெளிச்சம் பிரயோஜனமில்லை. டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் நமக்கு பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். மழையில் நனைந்த தார் ரோட்டில் வெள்ளைக் கோடு கூடத் தெரியவில்லை.

அந்த எல்இடி எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, சிக்கல் அடிப்படையிலேயே இருக்கிறது. இந்த வண்டியில் இருப்பது எச்4 பல்புக்கான ரிஃப்ளெக்டர். எச்4 பல்புக்குள் இரண்டு இழை உண்டு, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். மேலே போய் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்க வேண்டிய வெளிச்சத்தை வெட்டி, நமக்கு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏற்றிவிடுவது அதன் வேலை. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க, இழை சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கை வைத்து வடிவமைத்தது. எல்இடியில் இழை கிடையாது, பட்டைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். தகடு தடிமனாக இருந்தாலோ, மாட்டும்போது கொஞ்சம் திரும்பியிருந்தாலோ கணக்கு கெட்டுவிடும். என் வண்டியில் இன்னொரு தொல்லை, பின்னால் இருக்கும் ஃபேனுக்காக ரப்பர் மூடியை அறுத்து வைத்திருந்தார்கள். உள்ளே தூசியும் ஈரமும் போய் ஒரு பக்க ஹெட்லைட்டில் காலையில் பார்த்தால் நீர்த்துளி நிற்கும்.

சட்டப்படியும் இது வம்புதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாமல் செய்யும் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது.

சரி, எல்இடியைக் கழற்றிச் சாதா எச்4 போட்டால்? மங்கல். மஞ்சள் நிறத்தில் அழுது வடிகிற வெளிச்சம். இந்த இடத்தில்தான் எல்லோரும் 100/90 பல்புக்கு, அதாவது பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட் பல்புக்குப் போகிறார்கள். கடைக்காரரும் அதைத்தான் எடுத்து நீட்டினார். தயவுசெய்து பழைய ஒயரில் அதைப் போடாதீர்கள். 60 வாட் பல்பு இழுப்பது சுமார் 5 ஆம்பியர், 100 வாட் இழுப்பது 8க்கும் மேல். ரெண்டு பக்கமும் சேர்த்தால் 16ஐத் தாண்டும். அதை பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடின சுவிட்சும் ஒயரும் ஹோல்டரும் தாங்க வேண்டும். முதலில் ஹோல்டர் உருகும், அப்புறம் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் போகும், அதை மாற்றுகிற செலவில் நாலு ஜோடி நல்ல பல்பு வாங்கலாம். ரோட்டில் ஓட்ட எச்4க்கு அனுமதித்த வாட்டும் இது இல்லை.

எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரியாக இருந்தது. "பல்ப மாத்துறது அப்புறம் சார், மொதல்ல பல்புக்கு கரண்ட் ஒழுங்கா வருதான்னு பாப்போம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டியது. லைட் எரியும்போதே ஹோல்டரின் பின்பக்கம் முள்ளை வைத்துப் பார்த்தால் 12.1தான். கிட்டத்தட்ட ரெண்டு வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடுகிறது. ஹோல்டரைக் கழற்றினார், உள்ளே பித்தளை முனைகள் கறுத்து, பிளாஸ்டிக் ஓரம் பழுப்பாகி விரல் பட்டதும் உதிர்ந்தது. எர்த் போல்ட்டில் பச்சைக் களிம்பு.

ரெண்டு வோல்ட்தானே என்று விட முடியாது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை, முப்பது சதவீதம் வரை போய்விடும். நிறமும் மஞ்சளாகும். நாம் பல்பு மட்டம் என்று திட்டிக்கொண்டிருப்போம், உண்மையில் பல்பு பாதிப் பட்டினியில் எரிகிறது.

ரிலே கிட் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயரில் நேராகக் கரண்ட் வரும், ரிலே அதைத் திறந்து மூடும், பழைய ஒயரும் சுவிட்சும் ரிலேவுக்குச் சைகை மட்டும் கொடுக்கும். அதனால் சுவிட்ச் மேல் பாரம் குறைந்து அதன் ஆயுளும் கூடுகிறது. செராமிக் ஹோல்டர் வைத்த கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத கிட்டை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எனக்கு கிட் ஆயிரத்துக்குள் முடிந்தது, கூலி தனி. ஒரிஜினல் ஒயரை வெட்டாமல் சொருகிற மாதிரியே மாட்டச் சொன்னேன். எர்த் போல்ட்டையும் தேய்த்துச் சுத்தம் செய்தார். முடிந்ததும் அதே இடத்தில் 13.6 வோல்ட். அதே சாதா பல்புதான், கணக்குப்படி ஒன்றரை மடங்கு வெளிச்சம். கண்ணுக்கே தெரிந்தது. நல்ல வோல்டேஜ் கிடைத்தால் பல்பு கொஞ்சம் சீக்கிரம் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மேல்பூச்சு போய் மஞ்சள் பூத்துவிடும். என்னுடையதில் போதாக்குறைக்கு நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தது, முன்னாள் ஓனர் செக்போஸ்ட்டுக்குப் பயந்து ஒட்டினாரோ என்னவோ. அதைச் சுரண்டி எடுத்தேன். டூத்பேஸ்ட் தேய்க்கிற வீடியோக்களை நம்பாதீர்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். டிங்கரிங் பட்டறையில் பெயிண்டரிடம் கொடுத்து, 800, 1000, 2000 என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, கடைசியில் யுவி தாங்கும் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்கள். கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாவிட்டால் தேய்த்தது வீண்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆசைக்காக ஆஸ்ரம் நைட் பிரேக்கர் லேசர் ஒரு ஜோடி போட்டேன். அட்டையில் 150 சதவீதம் வரை அதிக வெளிச்சம் என்று இருக்கும், அது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்ட கணக்கு, நம் சாதா பல்போடு ஒப்பிட்டது அல்ல. அந்த மாதிரி எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஆனாலும் வாட் அதே 60/55, ஒயருக்குத் தொந்தரவு இல்லை. பிரைட் கொஞ்சம் நீளமாகப் போகிறது, நிறம் ஒரு படி வெள்ளை, மழையிலும் கோடு தெரிகிறது. ஆயுள் சாதா பல்பை விடக் குறைவு, விலையோ பல மடங்கு. மாட்டும்போது கண்ணாடிக் குமிழில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கைப் பிசுக்கு ஒட்டின இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். நீலப் பூச்சு பூசின மலிவு பல்புகள் பக்கம் போகவே வேண்டாம், அந்தப் பூச்சு வெளிச்சத்தைத்தான் தின்னும்.

அப்புறம் ஃபோகஸ். பல்பு மாற்றினால் இதைச் செய்தே ஆக வேண்டும். டயரில் காற்று சரியாக வைத்து, ஆள் உட்கார்ந்திருக்க, ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் லெவல் திருகை 0வில் வைத்து, சமதளத்தில் சுவருக்கு நேராக 10 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, பல்பின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கி இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவில் திருகலாம். என் வண்டியில் வலது பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அதே பெரியகுளம் ரோட்டில் டிம்மில் போனால் யாரும் திருப்பி பிரைட் அடிப்பதில்லை. நைட் பிரேக்கர் போய்விட்டால் மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், மாட்டேன். ரிலே இருக்கும்போது பிலிப்ஸ் சாதா 60/55 ஜோடியே எனக்குப் போதும், அதுவும் டேஷ்போர்டுக்குள் ஸ்பேராக இப்போதே கிடக்கிறது.