மண் அடிக்கிறவரிடம் லோடு கணக்குக்கு முன்னால் வாட்டம் கேளுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு டிப்பர் சத்தம்தான். "ரோட்டுக்கு மேல ஒரு அடி தூக்கி விட்டுருவோம்ணே, பொட்டுத் தண்ணி நிக்காது" என்று சொல்லி முன்பணம் வாங்கிப் போகிறவர்கள் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் நிறையப் பேர். உச்சிப்புளிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி நடந்த வேலையின் கணக்குதான் இது. செய்தவர் பெயர் தேவையில்லை. அவர் செய்த முறைதான் முக்கியம், அதே முறையில் இன்னும் பல பேர் செய்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் 40 அடி அகலம், 30 அடி நீளம் கொல்லை, மொத்தம் 1200 சதுர அடி. தரை ஏறக்குறைய மட்டம். கொல்லைக் கடைசியில் ஊர் வாய்க்கால், அது தரையைவிடத் தாழ்வு. வீட்டின் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தளம் உட்காரும் அடிமேடை, தரையிலிருந்து 18 அங்குலம். மழை பெய்தால் சுவரோரம் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிற்கும், அதுதான் குறை. இதற்கு அடித்தது 9 லோடு சவடு, பள்ளம் நிரப்பும் மண். பில்லில் லோடுக்கு 3 யூனிட் வீதம் 27 யூனிட்.

முதலில் அந்த 27 யூனிட்டைப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வந்த வண்டியின் தொட்டியை உள்பக்கம் டேப் வைத்து அளந்தால் நீளம் 11½ அடி, அகலம் 6½ அடி, உயரம் 3 அடி. பெருக்கினால் 224 கன அடி, அதாவது இரண்டேகால் யூனிட்கூட முழுசாக இல்லை. ஒன்பது லோடுக்கு 20 யூனிட்தான் வந்திருக்கிறது, ஏழு யூனிட் காகிதத்தில் மட்டும். முதல் வண்டி கொட்டுவதற்கு முன்னால் அளந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. கொட்டிய பிறகு அளக்க வழியில்லை, ஏனென்றால் உதிரி மண் அமுங்கும்போது கால்வாசி குறைந்துவிடும். குறைகிறதே என்று கேட்டால் "அமுங்கிருச்சுண்ணே" என்று பதில் தயாராக இருக்கும்.

ஆனால் அளவுத் திருட்டு இதில் சின்ன விஷயம். அந்தக் கொல்லைக்கு ஒன்பது லோடே தேவையில்லை.

தண்ணீர் ஓடுவதற்கு மேடு போதாது, வாட்டம் வேண்டும், அதாவது ஒரு பக்கமாகச் சரிவு. சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறக்கம், அதற்கு அப்பால் 50 அடிக்கு 1 அடி. பேஸ்மட்டத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 6 அங்குலம் சுவர் வெளியே தெரிய வேண்டும். இந்த வீட்டில் அப்படியானால் சுவரோரம் 12 அங்குலம் மண், 10 அடியில் 6 அங்குலம், கொல்லைக் கடைசியில் 1 அங்குலம். சராசரி போட்டால் ஐந்தரைக்குள். 1200 சதுர அடிக்கு அமுங்கிய மண் ஐந்தரை யூனிட், உதிரியாக ஏழு. அதே வண்டியில் மூன்று லோடும் கொஞ்சமும். லோடு கணக்கில் சம்பாதிப்பவர் வாட்டம் பற்றி வாய் திறக்காததன் காரணம் இதுதான்.

நடந்தது என்னவென்றால், ஜேசிபி வைத்து ஒன்பது லோடையும் தோசைக்கல் மாதிரி சமமாகப் பரப்பிவிட்டார்கள். ஒரு மழை கண்டு அமுங்கிய பிறகும் எங்கு அளந்தாலும் 15 அங்குலம். பேஸ்மட்டத்துக்கு மிச்சம் 3 அங்குலம்தான். இருபது அங்குல மண்ணை ஒரே தட்டாகக் கொட்டி, டயரை ஏற்றி இறக்கினதோடு சரி. டயர் மேலாக உள்ள நாலைந்து அங்குலத்தை மட்டும்தான் அமுக்கும். சரியான முறை, ஆறு அங்குலத்துக்கு ஒரு தட்டு, லேசாகத் தண்ணீர் தெளிப்பு, பிளேட் காம்பாக்டர் அல்லது திமுசுக்கட்டை, அப்புறம்தான் அடுத்த தட்டு. சுவரோரம் ஜேசிபி வரமுடியாது, அங்கே கையால்தான் இடிக்க வேண்டும். இடிக்காமல் விட்டதால் சுவரை ஒட்டியே மண் இறங்கி ஒரு நீளப் பள்ளம் விழுந்தது. பழைய இடத்திலேயே தண்ணீர், இப்போது முன்னைவிட வீட்டுத் தரைக்கு ஓர் அடி பக்கத்தில்.

இனி மண். மேலே பார்க்கச் செம்மண் கிராவல், அழகாகத்தான் இருந்தது. கடப்பாரையை இரண்டு குத்துக் குத்தியதும் மூன்று அங்குலத்துக்குக் கீழே கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாய் அடியில் படியும் வண்டல் களிமண். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் அனுமதி வாங்கி இலவசமாக எடுக்கத் தருகிற மண், இங்கே சவடு விலைக்கு வந்திருக்கிறது. வயலுக்குப் பொன், கொல்லைக்கு எமன். தண்ணீரை உள்ளேயும் விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அடுத்த மழை அந்த வெடிப்பு வழியாக நேராக அஸ்திவாரத்துக்குப் போகும். சோதிப்பது சுலபம்: ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்குப் போல நீளமாகத் திரண்டு, வளைத்தாலும் உடையாமல் வந்தால் களி.

இன்னொரு ஆபத்து உவர் மண், இந்தக் கடற்கரையில் அது எங்கும் கிடைக்கும். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு கேன் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டு, ஆர்ஓ போடுகிறவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை முக்குங்கள். வெறும் கேன் தண்ணீரில் காட்டியதைவிட 500-க்கு மேல் ஏறினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அந்த உப்பு செங்கலுக்குள் ஏறி, பூச்சுக்குப் பின்னால் பூத்து, சுண்ணாம்பு பொரிப் பொரியாகக் கொட்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பும் உண்டு, கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. எந்த மண் வந்தாலும் நடைச்சீட்டை, அதாவது மண் ஏற்றி வர அரசு தரும் அனுமதிச் சீட்டை, கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் இன்னும் நிற்கிறதே என்று கேட்டபோது அதே ஆள் விற்றது உறிஞ்சு குழி. ஆறடி ஆழம், ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே மூடி. ஆவணியில் தோண்டும்போது அடி வரைக்கும் காய்ந்த மணல், பார்க்க நம்பிக்கையாகத்தான் இருக்கும். கார்த்திகையில் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் தரைக்கு இரண்டு மூன்று அடி கீழே வரைக்கும் மேலேறி வந்துவிடும். குழி அப்போதே நிறைந்திருக்கும், மழைத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துக் கிணற்றின் உறையில் போன வருட மழைக்காலத்துத் தண்ணீர் ஏறிய தடம் படிந்திருக்கும். குழியின் அடி அந்தத் தடத்துக்கு மேலே இருந்தால்தான் குழி வேலை செய்யும். இல்லாவிட்டால் அது மூடி போட்ட இன்னொரு கிணறு.

தண்ணீரை வடிக்க மண்ணுக்குள் ஓட்டை போட்ட பைப் பதிப்பதாகச் சொன்னாலும் கவனம். 110 மி.மீ. பைப், பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத இறக்கம், ஓட்டை கீழ்ப்பக்கம், சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி, ஜல்லியைச் சுற்றி ஜியோ டெக்ஸ்டைல் துணி. நம் மணலில் துணி இல்லாத பைப் இரண்டு மழைக்குத் தாங்காது. அதைவிட, வெளியே விழ இடம் இல்லாத பைப் எதற்கும் உதவாது. முடிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

மண்ணைத் தொடும் முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதை யாரும் விற்க வருவதில்லை. 10 செ.மீ. மழைக்கு 1000 சதுர அடி மொட்டை மாடியிலிருந்து 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த வீட்டில் இரண்டு மாடிக் குழாயும் சுவரடியிலேயே ஊற்றின. குழாயை நீட்டித் தொட்டிக்குத் திருப்பியிருந்தால் பிரச்சினையில் பாதி அப்போதே போயிருக்கும், குடிக்க நல்ல தண்ணீரும் மிஞ்சியிருக்கும். 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் கொட்டியது போல ஒரே நாளில் 41 செ.மீ. வந்தால் எந்த வாட்டமும் ஈடு கொடுக்காது என்பது வேறு விஷயம்.

இப்போது சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. அதே ஆள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஈரச் சுவரில் அதை அடித்தால் ஈரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும், ஒரே வருடத்தில் பூச்சோடு சேர்ந்து உரியும். செய்யவேண்டியது, கொல்லை மண்ணை வாட்டத்துக்கு வெட்டி எடுத்து, சுவரோரம் பேஸ்மட்டத்துக்கு 6 அங்குலம் விட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அப்புறம் பூசுவது.

பணத்தைப் பொறுத்தவரை, லோடுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். சுவரோரம் எவ்வளவு, 10 அடியில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று மூன்று அளவையும் தாளில் எழுதி, அந்த வாட்டத்துக்கு மொத்த விலை பேசுங்கள். கால் பங்கைப் பிடித்து வைத்து, டியூப் லெவல் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். 35 அடி நீளத்துக்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, முதலில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடியுங்கள். மட்டம் ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே குமிழி இருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். பிறகு ஒரு முனை சுவரில், மறு முனை 10 அடியில், அப்புறம் 30 அடியில். தண்ணீர் மட்டத்திலிருந்து தரைக்கு உள்ள தூரம் சுவரோரத்தைவிட 10 அடியில் 6 அங்குலமும், கடைசியில் 11 அங்குலமும் கூடுதலாக இருக்க வேண்டும். இதை மேஸ்திரியிடம் விடாமல், ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.