பேத்திக்கு வாங்கிய நுரை விரிப்பு: 19 நாள் காற்றாட விட்ட பிறகு

பெட்டியைப் பிரித்தவுடன் என் மகள் கேட்டாள்: "அப்பா, இது உங்க பழைய யூனிஃபார்ம் சட்டை வாடைதானே?"

அதே வாடைதான். செருப்பு சோல் செய்யும் தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் 6 வருடம் மிக்ஸிங், மீதியெல்லாம் பிரஸ். ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு, கை கால் கழுவிய பிறகுதான் இவளைத் தூக்குவேன். இப்போது இவளுடைய குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறாள். 7 மாதம். அவளுக்கென்று வாங்கிய விரிப்பிலிருந்து அந்த நெடி வந்தபோது, "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று என்னால் விட முடியவில்லை. மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

வாங்கியது ஒன்றோடொன்று பல் கோத்து மாட்டும் வகை. 9 சதுரங்கள், 12 மில்லிமீட்டர் கனம், அவற்றில் நான்கின் நடுவில் கழற்றி மாட்டும் எழுத்துகள், சுற்றிலும் ஓரப்பட்டைகள். பொருள் ஈவா (எத்திலீன் வினைல் அசிட்டேட்) என்ற பிளாஸ்டிக்கின் நுரை. பெட்டியின் மேல் "நச்சற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தயாரித்த தேதி எங்கும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நுரையின் தரம் நன்றாக இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே எழுகிறது, பல்கள் இறுக்கமாகக் கவ்வுகின்றன, குழந்தை காலை உதைத்தாலும் பிரிவதில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்து இரண்டு முறை தலை இடித்தாள். இரண்டு முறையும் அழவில்லை. ஈர வெள்ளைத் துணியால் எல்லா நிறத்திலும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், துணியில் சாயம் ஒட்டவில்லை.

சரி, நெடிக்கு வருகிறேன். இந்த நுரையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று புரியும்.

ஈவா குருணையை உருக்கி அதில் இரண்டு பவுடர் முக்கியமாகச் சேர்ப்போம். மஞ்சளாக இருப்பது ஏசி பவுடர், முழுப் பெயர் அசோடைகார்பனமைடு. சூட்டில் இது சிதைந்து வாயுவாக மாறும், அந்த வாயுதான் நுரையை ஊத வைக்கிறது. வெள்ளையாக இருப்பது டிசிபி, அதாவது டைகுமைல் பெராக்சைடு. ஊதிய நுரை அமுங்கிப் போகாமல் உள்ளே முடிச்சுப் போட்டுக் கொடுப்பது இதன் வேலை. அச்சில் வைத்துச் சூடாக்கி, நேரம் ஆனதும் பிரஸ்ஸைத் திறந்தால், ஷீட் பொத்தென்று அச்சைவிட்டு எகிறி வெளியே வந்து கண் முன்னாலேயே பெரிதாகும். முதல் நாள் பார்ப்பவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். அந்த நேரத்தில் வரும் ஆவியில்தான் இந்த வாடை இருக்கும்.

டிசிபி சிதைந்தால் அசிட்டோஃபீனோன் என்றொரு பொருள் வரும். லேசான இனிப்பும் காட்டமும் கலந்து தொண்டையில் போய் நிற்கும் நெடி அது. எங்கள் பிரிவில் சூடான ஷீட்டை உடனே பாலித்தீனில் கட்ட விடமாட்டார்கள். இடைவெளி விட்டு நிறுத்தி ஆறவைத்த பிறகுதான் கட்டிங்குக்குப் போகும். அவசரத்தில் அடுக்கிக் கட்டிய லாட்டை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இந்த விரிப்பும் அப்படி ஆறாமல் கட்டப்பட்டது என்றே என் அனுபவம் சொல்கிறது. ஒன்பது சதுரமும் ஒன்றின்மேல் ஒன்றாக, காற்று புகாத உறையில் இறுக்கிக் கட்டி வந்தன.

இதுவரை சொன்னது மூக்குக்குத் தெரிகிற விஷயம். மூக்குக்குத் தெரியாதது அந்த மஞ்சள் பவுடரில் இருக்கிறது. ஏசி பவுடர் சிதையும்போது முக்கியமாக நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் வரும். கூடவே கொஞ்சம் ஃபார்மமைடும் உண்டாகி நுரைக்குள் தங்கிவிடலாம். அதற்கு வாடை மிக லேசு, டிசிபி நெடிக்கு நடுவில் தெரியவே தெரியாது. இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் 2010 டிசம்பரில் பிரான்ஸ் இந்த மாதிரி நுரை விரிப்புகளின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நுரைப் பொம்மைகளுக்கு எல்லை வகுத்தது. நுரையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மமைடு இருந்தால், அது காற்றில் எவ்வளவு வெளியேறுகிறது என்று சோதிக்க வேண்டும். சோதனை தொடங்கி அதிகபட்சம் 28 நாளில் அது ஒரு கன மீட்டர் காற்றுக்கு 20 மைக்ரோகிராமுக்குள் வந்திருக்க வேண்டும்.

ஆக, நெடி வருவது ஒரு பவுடரால், கவலைப்பட வேண்டியது இன்னொரு பவுடரால். நெடி போய்விட்டது என்பதற்காக நிம்மதியாகவும் இருக்க முடியாது, நெடி வந்தது என்பதற்காக விஷம் என்று தூக்கிப் போடவும் முடியாது. என் மகளுக்கு இதை விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. குழந்தையின் மூக்கு விரிப்பிலிருந்து நான்கு விரல்கடை உயரத்தில் இருக்கிறது, உடல் எடைக்கு நம்மைவிட அதிகமாக மூச்சு இழுக்கிறாள், கையை வாயில் வைக்கிறாள். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் வேலையாக விற்பனையாளருக்கு எழுதினேன். "100 சதவீதம் பாதுகாப்பானது, வெயிலில் போடுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன், இந்த முறை கேள்வியாக: ஊத வைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள், ஃபார்மமைடு சோதனை செய்திருக்கிறீர்களா, அறிக்கை இதே கனத்துக்கும் இதே நிறங்களுக்கும் உரியதா, எந்த வருடத்தையது. நான்காம் நாள் ஓர் அறிக்கை வந்தது. திறந்து பார்த்தால் அது ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களுக்கான இஎன் 71 (பொம்மைப் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரநிலை) மூன்றாம் பகுதிச் சோதனை மட்டும். அதில் தேறியிருந்தார்கள், ஆனால் நான் கேட்டது அதுவே இல்லை. படத்தில் இருந்த மாதிரியும் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு துண்டு. அதையும் சுட்டிக்காட்டி எழுதினேன். அடுத்த வாரம் சரியான அறிக்கை கிடைத்தது: 12 மில்லிமீட்டர், நான்கு நிறங்களும் தனித்தனியாக, ஃபார்மமைடு எல்லாவற்றிலும் அந்த 200 மில்லிகிராம் எல்லைக்குக் கீழே, கடந்த ஆண்டுத் தேதி.

இதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். கையில் இப்படி ஓர் அறிக்கை இருக்கும்போது அதைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கலாம். மூன்று கடிதம் எழுதும் பொறுமை எல்லாப் பெற்றோருக்கும் இருக்காது, அதுவும் இரவெல்லாம் தூங்காத பெற்றோருக்கு.

இரண்டாவது வேலை நெடியைப் போக்குவது. வெயிலில் போடுங்கள் என்றார்களே, அதை நான் செய்யவில்லை. நேர் வெயில் பட்டால் ஈவா நாளடைவில் வெளிறி, மேல்தோல் பொடியாக உதிரும். சூடு நெடியை வேகமாக வெளியேற்றும் என்பது உண்மைதான், அதற்கு நிழலில் இருக்கும் வெதுவெதுப்பும் காற்றோட்டமும் போதும். எல்லாச் சதுரத்தையும் பிரித்து, எழுத்துகளையும் தனியாக எடுத்து, சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்து, குழந்தை போகாத அறையில் ஜன்னலோரம் செங்குத்தாக நிறுத்தி மின்விசிறியை ஓட விட்டேன். இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும். தரையில் படுக்கப் போட்டால் ஒரு பக்கம் மூடியே இருக்கும்.

குறைகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே வாடையில் இருந்தால் மூக்கு பழகிவிடும், என் மூக்கோ 22 வருடம் பழகியது. கார் உள்பாகங்களுக்கு விடிஏ 270 என்றொரு வாடைச் சோதனை உண்டு. பொருளை மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் வாடையே தெரியவில்லை, 6 என்றால் தாங்க முடியாது. அதை வீட்டு அளவில் செய்தேன். ஓரப்பட்டையிலிருந்து விரலளவு துண்டை வெட்டி, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் நிறுத்தினேன். முகர்ந்தது என் மனைவி. வெளியே போய் வந்தவுடன், எந்த நாள் என்று சொல்லாமல் பாட்டிலை நீட்டுவேன்.

முதல் நாள் 5 போட்டாள், உடனே பாட்டிலை என் கையில் திணித்துவிட்டாள். 6ஆம் நாள் 4. 12ஆம் நாள் 3, "இருக்கு, ஆனா தொந்தரவா இல்ல" என்றாள். 19ஆம் நாள் 2. ஒவ்வொரு முறையும் காற்றாட நின்ற பட்டையிலிருந்து புதிதாக வெட்டிய துண்டு. முதல் நாளே வெட்டி இறுக மூடி வைத்த இன்னொரு துண்டும் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க. அதை 19ஆம் நாள் திறந்தபோது நெடி அப்படியே இருந்தது. நாள் ஓடியதால் மட்டும் போகவில்லை, காற்றுப் பட்டதால் போயிருக்கிறது. உறையோடு பரணில் வைத்து "ஒரு மாதம் கழித்து எடுக்கலாம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

20ஆம் நாள் விரித்தோம். அன்று மாலையே வேறொரு சிக்கல் வந்தது, இதற்கு ரசாயனத்தோடு சம்பந்தம் இல்லை. பேத்திக்குக் கீழே இரண்டு பல். ஓரப்பட்டையின் பல் போன்ற முனையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டுப் பார்த்தால் சிவப்பு நுரை ஒரு துணுக்கு, மொச்சைக்கொட்டை அளவு, நாக்கின் மேல் ஒட்டியிருந்தது. என் மகளின் முகம் வெளுத்ததை நான் மறக்க மாட்டேன். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. கழன்று வந்த துணுக்கு அதில் பலமுறை அடங்கும். அன்றே ஓரப்பட்டை எல்லாவற்றையும், நடுவில் இருந்த எழுத்துகளையும் எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். எழுத்து இருந்த பள்ளம் வெறும் ஓட்டையாக இருப்பதால் அந்தச் சதுரங்களையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது விரிப்பில் இருப்பது 5 சதுரம். வெளிப்பக்கப் பல்களைத் தினமும் காலையில் கையால் தடவிப் பார்க்கிறோம்.

வேறு வகை வாங்கலாமா என்று மகளின் தோழி கேட்டாள். அவளிடம் இருப்பது பளபளப்பான பிவிசி சுருள் விரிப்பு, வாடை குறைவு. பெட்டியில் முக்கோணத்துக்குள் 3 என்று இருந்தால் அது பிவிசி. அதை வளைய வைக்கத் தாலேட் என்ற பொருட்களைச் சேர்ப்பதுண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைப் பொருட்களில் குறிப்பிட்ட தாலேட்டுகள் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவற்றுக்கும் வாடை கிடையாது, காற்றாட விட்டாலும் சுலபத்தில் போகாது, எச்சில் வழியாகவும் தூசி வழியாகவும் வரும். அங்கே கேட்க வேண்டியது தாலேட் அறிக்கை. எக்ஸ்பிஇ (குறுக்கே பிணைத்த பாலித்தீன் நுரை) என்று விற்பதும் பெரும்பாலும் இதே ஏசி பவுடரால் ஊதியதுதான், ஆகவே அதற்கும் ஃபார்மமைடு கேள்வியைக் கேளுங்கள். ஒரே துண்டாக வருவதால் கடிக்க முனை குறைவு என்பது அதன் நல்ல பக்கம்.

என் மதிப்பெண் 5க்கு 3. நுரைக்கும் கடைசியில் வந்த அறிக்கைக்கும் கொடுத்தது இந்த மூன்று. ஒன்று குறைத்தது ஆறவைக்காமல் கட்டியதற்கு, இன்னொன்று ஓரப்பட்டைக்கு. தவழும் வயதில் வாங்குபவர்கள் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகவே வாங்கி, பிரித்து, காற்றாட விடுங்கள். ஓரப்பட்டையும் எழுத்தும் இல்லாமல் வெறும் சதுரங்களாகக் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.