தூக்க மாத்திரையைக் குறைக்க உதவிய ஆறு வாரச் சிகிச்சை

மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் 0.5 மில்லிகிராம் குளோனசெபாம் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் படுத்தேன். இரண்டு வாரத்துக்கென்று முதலில் எழுதித்தந்த மருத்துவர், பிறகு எதுவும் விசாரிக்காமல் மாதாமாதம் அதே சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார். வெளியூர் கிளம்பும்போது மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பையை மூன்று முறை திறந்து பார்க்கும் நிலை வந்த பிறகே, இது இனி என்னை விடாதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தோடு சென்னையில் ஒரு தூக்கச் சிகிச்சை மையத்தில் சேர்ந்தேன். அங்கே தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இலேயே பரிந்துரைத்திருந்தும், அதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

“மாத்திரையை இப்போது தொட வேண்டாம், எவ்வளவு நேரம் உறங்குகிறீர்கள் என்று எழுதி வாருங்கள்” என்றார் உளவியலாளர். எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே உறங்கியது குறிப்பேட்டில் தெரிந்தது. ஆகவே இரவு 12.30க்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும், கொட்டக் கொட்ட விழித்திருந்தால் எழுந்து கூடத்துக்குப் போய்விட வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது என்றார். தூக்கத்தின் தேவை உடம்பில் சேரச் சேர, படுத்தவுடன் உறங்கும் பழக்கம் திரும்பும் என்பதே இதன் அடிப்படை. முதல் பத்து நாள் மிகவும் கடினமாக இருந்தது. பிற்பகலில் கண் செருகியதால் வண்டி ஓட்டுவதை நானாகவே நிறுத்தினேன். இதை மையம் முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காடு உறங்கத் தொடங்கியதும், வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினார்கள்.

நான்காம் வாரம்தான் அங்குள்ள மனநல மருத்துவர் அளவை 0.25 ஆக்கினார். சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. பிறகு அதையும் பாதியாக்கச் சொன்னபோது, நான் பிளேடால் நறுக்கிய மாத்திரை செய்தித்தாளில் மாவாக உதிர்ந்தது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாத்திரை வெட்டியை அவர்களே வாங்கச் சொன்ன பின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆறு வாரம் முடிந்தும் மாத்திரை முழுதாக நிற்கவில்லை, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பாதிதான். அவசரப்படுத்தாத அந்தப் பொறுமைக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன்.

தூக்கக் குறிப்பேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது பெரிய குறை. என் அருகில் காத்திருந்த பெரியவருக்கு அவர் மகள்தான் நிரப்பிக் கொடுத்தாள். தமிழிலும் அச்சிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.